இது யார் வீட்டு வயசுக் கணக்கு?

கவிஞன் இருபத்தஞ்சில் உச்சத்துக்குப் போவான், முப்பதில் வற்றிப்போவான். நாவல் எழுதுகிறவன் நாற்பது தாண்டித்தான் விளைவான். ஆடுகிறவளுக்கு முப்பத்தஞ்சு ஆனால் சலங்கையைக் கழட்டி வைக்கவேண்டியதுதான். பாட்டுக்காரர் மட்டும் பல்லு போனாலும் பாடலாம். இலக்கியக் கூட்டம் முடிந்து டீக்கடைக்கு வந்து நின்றால், இந்த வாய்ப்பாட்டை யாராவது ஒருத்தர் ஒப்பிக்காமல் விடுவதில்லை. கீட்ஸ் 25-ல் செத்தான், ரிம்போ 21 வயசுக்குள் கவிதையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனான், பட்டுக்கோட்டை 29, பாரதி 38 என்று சாவுக் கணக்கை அடுக்குவார்கள். சுற்றி நிற்கிற மாணவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். அவர்களில் நம் பிள்ளைகளும் இருப்பார்கள்.

எனக்கு முப்பது தாண்டியாச்சு. "இனிமே ஒனக்குக் கவிதை வராதுப்பா, நாவலுக்குப் போயிடு" என்று நல்ல எண்ணத்தோடு புத்தி சொன்னவர்களும் உண்டு. ஏதோ பஸ் மாறச் சொல்வது மாதிரி. இந்தப் பேச்சைச் சும்மா விடக்கூடாது என்று இதை எழுதுகிறேன். இயற்கை விதி மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு வருகிற எந்தப் பேச்சையும் நாம் சட்டையைப் பிடித்து விசாரிக்கவேண்டும். சாதியும் இயற்கை விதி என்றுதான் நமக்குச் சொல்லப்பட்டது.

முதலில் ஒன்று. செத்த வயசு வேறு, உச்சத்தைத் தொட்ட வயசு வேறு. பாரதி 38-ல் இறந்தார் என்பதை வைத்துக்கொண்டு கவிதை இளமையின் சொத்து என்று எப்படிச் சொல்வது? அவர் 58 வரை இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று யாருக்குத் தெரியும்? அவருடைய பெரிய ஆக்கங்களை எடுத்துப் பாருங்கள். 1908-ல் புதுச்சேரிக்குத் தப்பிப் போகிறார். பத்து வருஷம் அங்கே. 'பாஞ்சாலி சபதம்' முதல் பாகம் 1912-ல் வருகிறது. 'குயில் பாட்டு', 'கண்ணன் பாட்டு' எல்லாம் அந்தக் காலத்து விளைச்சல்தான். பிரிட்டிஷ் போலீஸ் எல்லைக்கு அந்தப் பக்கம் நிற்க, பத்திரிகைக்குத் தடை, அரசியல் வேலைக்கு வழி இல்லை. அடைபட்ட அந்த இடமும் காலமும் சேர்ந்து கொடுத்ததை "முப்பது வயசின் மகிமை" என்று எழுதிவைக்கிறார்கள். புதுமைப்பித்தனுக்கும் அப்படித்தான். 1933-ல் 'மணிக்கொடி' தொடங்கியது, அதைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்தது, கதைகள் கொட்டின. பத்திரிகை இருந்ததை மறந்துவிட்டு ரத்தச் சூட்டைப் பேசுகிறோம்.

சரி, எங்க ஊருக்கு வருகிறேன். உத்திரமேரூர் என்றாலே குடவோலைதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். 2020 டிசம்பரில் புது நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே எங்க ஊர்க் கல்வெட்டைப் பெருமையாகப் பேசினார். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 921. அதில் வாரியத்துக்குப் பேர் எழுதிப்போட வயசுத் தகுதி இருக்கிறது: 35-க்கு மேல், 70-க்குக் கீழ். பள்ளிக்கூடப் புத்தகம் இந்த வரியைப் பெரிதாகப் போடும். கூட இருக்கிற வரிகளையும் படியுங்கள். கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் இருக்கவேண்டும். சொந்த மனையில் வீடு இருக்கவேண்டும். மந்திர பிராமணம் தெரிந்திருக்கவேண்டும். அதற்கடுத்து இன்னொன்று: ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் ஓதி உணர்ந்தவனாக இருந்தால் அரைக்கால் வேலி நிலம் போதும். தளர்வு, தோழர்களே, தளர்வு! ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் எங்க ஊரில் இடஒதுக்கீடு இருந்திருக்கிறது, வேதம் படித்த ஐயருக்கு.

நான் இதை எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வயசு எந்தக் கல்வெட்டிலும் தனியாக நிற்பதில்லை. 35 என்று ஒரு வரி இருந்தால், பக்கத்து வரியில் நிலம் இருக்கும், அதற்கடுத்த வரியில் வேதம் இருக்கும். அந்த ரெண்டு வரியையும் மறைத்துவிட்டு வயசை மட்டும் காட்டினால் அது நியாயமான, எல்லாருக்கும் பொதுவான தகுதி மாதிரி தெரியும். எல்லாருக்கும்தானே 35 வயசு ஆகிறது! கலைஞனின் உச்ச வயசு என்று பேசுகிறவர்கள் செய்வதும் இதே சுவர் வேலைதான்.

இதற்கு விஞ்ஞானம் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, நானும் படித்தேன். லேமன் என்ற அமெரிக்க உளவியல்காரர் 1953-ல் ஒரு தடித்த புத்தகம் போட்டார். எந்தெந்தத் துறையில் எந்தெந்த வயசில் பெரிய காரியம் நடந்தது என்று எண்ணிக் கோடு போட்டவர். கவிதைக்கு இருபதுகளின் கடைசி, நாவலுக்கு நாற்பதுகளின் தொடக்கம் என்கிற கணக்கெல்லாம் இவர் வழியாக வந்ததுதான். பிறகு 2006-ல் சிகாகோவின் பொருளாதாரப் பேராசிரியர் டேவிட் கேலன்சன் வேறு மாதிரி பிரித்தார். படைப்பாளிகள் ரெண்டு ஜாதி என்றார் (அந்த ஜாதி இல்லை). ஒரு கருத்து மின்னலடித்து அதைச் சட்டென்று வரைந்து முடிப்பவர்கள் இளமையில் உச்சம் தொடுவார்கள். 1907-ல் 25 வயசில் 'அவிஞோன் பெண்கள்' வரைந்த பிக்காசோ மாதிரி. தட்டித் தடவி, அழித்து அழித்துத் தேடுகிறவர்கள் முதுமையில் உச்சம் தொடுவார்கள். சாகிற வரைக்கும் ஒரே மலையைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்த செசான் மாதிரி. இது லேமன் கணக்கைவிடக் கொஞ்சம் மூளையுள்ள கணக்கு என்று ஒப்புக்கொள்கிறேன். கவிஞன், நாவலாசிரியன் என்று தொழிலைப் பார்க்காமல் வேலை செய்கிற விதத்தைப் பார்க்கிறது.

ஆனால் உச்சம் எது என்று அவர் எப்படிக் கண்டுபிடித்தார்? ஓவியனுக்கு, எந்த வயசில் வரைந்த படம் ஏலத்தில் அதிக விலைக்குப் போனது என்று பார்த்தார். பாடப்புத்தகத்தில் எந்தப் படம் அடிக்கடி அச்சாகிறது என்று எண்ணினார். கவிஞனுக்கு, தொகைநூல்களில் எந்தக் கவிதை அதிகம் சேர்ந்திருக்கிறது என்று எண்ணினார். நான் பேங்க்கில் கிளார்க். நகை ஏலம் பார்த்தவன். ஏலத்தில் நகைக்கு விலை யார் வைக்கிறார்கள், அடகு வைத்த பொம்பளையா? பாடப்புத்தகக் குழுவில் யார் உட்கார்ந்திருந்தார்கள், தொகைநூலை யார் தொகுத்தார்கள் என்று தமிழ்நாட்டில் ஒரு விசாரணை போட்டால் நாறிப்போகும். சந்தையும் பள்ளிக்கூடமும் யாரைச் சேர்த்துக்கொண்டதோ அவர்கள் வயசை வைத்து மனுசகுலத்துக்கே கணக்கு போட்டாகிவிட்டது. சேரியின் எந்தக் கலை எந்த ஏலத்துக்கு வந்தது?

இந்த ஆராய்ச்சிக்காரர்களிலேயே ஒருத்தர் நமக்கு உபயோகமான ஒன்றைச் சொல்லியிருக்கிறார். டீன் கீத் சைமன்டன். பிறந்ததிலிருந்து எண்ணாதீர்கள், அந்தக் கலையில் இறங்கியதிலிருந்து எண்ணுங்கள் என்கிறார் அவர். தாமதமாகத் தொடங்குகிறவனுக்கு உச்சமும் தாமதமாகத்தான் வரும். அவர் சாதியை நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த ஒரு வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு நம் தெருவுக்குள் வாருங்கள். யாருக்கு எப்போது கடிகாரம் ஓட ஆரம்பித்தது?

பண்டிதர் அயோத்திதாசர் 1845-ல் பிறந்தவர். 1907 ஜூன் 19-ந் தேதி ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்குகிறார். வயசு 62. இன்றைக்கு பேங்க்கில் அந்த வயசுக்கு ரெண்டு வருஷம் முன்னாலேயே மாலை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அவர் அப்போதுதான் ஆரம்பிக்கிறார். 1914-ல் சாகிற வரைக்கும் ஏழு வருஷம் வாராவாரம். வரலாறு, சமயம், மருத்துவம், இலக்கிய உரை, அரசியல், கேள்வி பதில். 'இந்திரர் தேச சரித்திரம்' எல்லாம் அந்த ஏழு வருஷத்து எழுத்து. அதற்கு முன் அவர் சும்மா இருந்தார் என்று இல்லை. 1885-ல் 'திராவிட பாண்டியன்', 1891-ல் திராவிட மகாஜன சபை, 1898-ல் பௌத்தம் என்று ஓடியவர்தான். ஆனாலும் மொத்தமாகத் திரண்டு கொட்டியது அறுபதுக்குப் பிறகு. லேமன் கோட்டில் அந்த வயசில் எல்லாம் இறங்குமுகம். இதைவிடக் கொடுமை, அவர் எழுத்துகள் தொகுப்பாக நம் கைக்கு வந்தது 1999-ல். ஞான. அலாய்சியஸ் தேடித் தொகுத்ததால் வந்தது. எழுதியவர் இறந்து 85 வருஷம். இவருக்கு உச்ச வயசு 62-ஆ, 154-ஆ? எண்ணுகிறவர்கள் பதில் சொல்லட்டும்.

எங்க பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்துக்காரர் இரட்டைமலை சீனிவாசன், முப்பதுகளின் தொடக்கத்தில், 1893-ல், 'பறையன்' என்று பேர் வைத்தே பத்திரிகை நடத்தினார். தன் வரலாற்றை 1939-ல், எண்பதை நெருங்கும்போது எழுதினார், அதுவும் சுருக்கமாக. தெலுங்கில் குர்ரம் ஜாஷுவா 'கப்பிலம்' எழுதியது 1941-ல், 46 வயசில். கவிதைதான் அது. முப்பதில் வற்றிப்போகிற கவிதை.

இப்போது நம் காலத்துக்கு வாருங்கள். நான் சொல்ல வந்த விஷயமே இங்கேதான் இருக்கிறது. 1989-ல் சிவகாமியின் 'பழையன கழிதலும்' வருகிறது, அவருக்கு 31. 1992-ல் பாமாவின் 'கருக்கு', 34. அதே காலத்தில் கே.ஏ. குணசேகரன் 'பலி ஆடுகள்' நாடகத்தோடும் தொண்டை கிழியும் பாட்டோடும் மேடையேறுகிறார், அவருக்கு முப்பதுகளின் கடைசி. 1993-ல் ராஜ் கௌதமனின் 'தலித் பண்பாடு', 43. 1994-ல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்', 30. (இமையம் தன்னைத் தலித் எழுத்தாளர் என்று முத்திரை குத்துவதை ஏற்காதவர். பூமணியும் அப்படித்தான். அது அவர்கள் உரிமை. நான் வருஷத்தையும் வயசையும் மட்டும் பார்க்கிறேன்.) நாவல், தன்வரலாறு, நாடகம், பாட்டு, விமரிசனம். வகை வேறு வேறு, வயசு வேறு வேறு. 30, 31, 34, 37, 43. ஆனால் வெடித்தது ஒரே ஐந்தாறு வருஷத்தில்.

மராட்டியத்தைப் பாருங்கள். 1972-ல் பம்பாயில் தலித் பேந்தர் கிளம்புகிறது. அதே வருஷம் நாம்தேவ் தசாலின் 'கோல்பிட்டா', அவருக்கு 23. பாபுராவ் பாகுலுக்கு அப்போது 42. அவர் 1963-லேயே கதைத்தொகுப்பு போட்டு வழி வெட்டியவர். தயா பவாரின் 'பலுதா' 1978-ல், 43 வயசு. கன்னடத்தில் சித்தலிங்கையா 1975-ல் 'ஹொலெமாதிகர ஹாடு', 21 வயசு. பிள்ளையும் மாமனும் சித்தப்பனும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போகிறார்கள். வயசுதான் தீர்மானிக்கிறது என்றால் இது எப்படி நடக்கும்? ஆளுக்கு ஒரு காலத்தில் பூத்திருக்கவேண்டுமே!

பூத்தது இயக்கத்தின் காலம். அம்பேத்கர் நூற்றாண்டு 1990-91. மண்டல். ஊர் ஊராகப் படிப்பு வட்டம், கலை இரவு, கையெழுத்து இதழ், ஸ்டென்சில் வெட்டிய இதழ். கேட்க ஆள் இருந்தார்கள், போட இதழ் இருந்தது, எழுதினால் தனியாள் இல்லை என்ற தைரியம் இருந்தது. முப்பது வயசுக்காரருக்கும் நாற்பத்து மூணு வயசுக்காரருக்கும் ஒரே நாளில் கதவு திறந்தது. கதவு திறந்த வருஷத்தை அழித்துவிட்டு உள்ளே வந்தவர் வயசை மட்டும் குறித்துக்கொள்வது என்ன கணக்கு?

"தசால் 23, சித்தலிங்கையா 21. கவிதை இளமைக்குத்தான் என்பது சரியாகத்தானே போச்சு?" என்று ஒருத்தர் மடக்கலாம். நல்ல கேள்வி. கவிதை எழுத என்ன வேண்டும்? பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் போதும். வேலை இல்லாதவன், வாடகை அறை இல்லாதவன், நின்றுகொண்டே எழுதலாம். மனப்பாடமாகச் சுமந்துகொண்டு போகலாம். நாவலுக்கு ஒரு மேசை வேண்டும், கதவு சாத்த ஒரு அறை வேண்டும், ரெண்டு வருஷத்துச் சாயங்காலங்கள் வேண்டும். அந்த மேசையும் சாயங்காலமும் கீழ்நடுத்தர வீட்டுக்கு நாற்பதுக்கு மேல்தான் வாய்க்கிறது, பென்ஷன் வேலை நிலைத்து, தங்கச்சி கல்யாணம் முடிந்து. ஆக, "இளமையில் கவிதை, நடுவயசில் நாவல்" என்ற விதியில் பாதி ரத்தச்சூடு என்றால் பாதி வாடகை. பூமணி 'வெக்கை' எழுதியது 1982-ல், 35 வயசு, சின்ன நாவல். ஆயிரம் பக்கத்துக்கும் மேல் போகிற 'அஞ்ஞாடி' வந்தது 2012-ல், 65 வயசு. ராஜ் கௌதமனின் முதல் நாவல் 'சிலுவைராஜ் சரித்திரம்' 2002-ல், 52 வயசு. அதுவரை அவர் மண்டையில் கதை இல்லாமலா இருந்தது?

தன்வரலாற்றில் இந்த வயசு வாய்ப்பாடு தலைகீழாகவே ஆகிவிடுகிறது. எல்லாம் வாழ்ந்து முடித்து, பேரன் பேத்தி எடுத்து, ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு எழுதுவது தன்வரலாறு. உ.வே.சா. 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கியது 1940-ல், 85-ஐ நெருங்கும்போது. தமிழுக்கு அது பெரிய சொத்து, மறுக்கவில்லை. பாமா 34-ல் எழுதினார். ஓம்பிரகாஷ் வால்மீகி 'ஜூட்டன்' 47-ல். நம் ஆட்களுக்கு ஏன் இந்த அவசரம்? பத்து வயசுக்குள்ளேயே ஒரு ஆயுசுக்கான அவமானத்தைப் பார்த்தாகிவிட்டது. எண்பது வரை காத்திருக்க ஆயுசுக்கு உத்தரவாதமும் இல்லை. அண்ணாபாவு சாத்தே பள்ளிக்கூடம் போனது ஒன்றரை நாள். எழுதிக் குவித்துவிட்டு 48-ல் வறுமையில் போனார். அவர் சாவை யாரும் கீட்ஸ் சாவு மாதிரி கண்ணீர் மல்கப் பேசுவதில்லை. ரோஹித் வெமுலாவுக்கு 2016 சனவரியில் 26 வயசு. அறிவியல் எழுத்தாளர் ஆக விரும்பியவர். அவருக்கு எந்த உச்ச வயசை எழுதுவீர்கள்?

எழுத்தை விட்டு உடம்புக்கு வருவோம். கூத்து, பறை, ஆட்டம். உடம்பால் செய்கிற கலைக்கு வயசு உண்டா என்றால் உண்டு. ராத்திரி பத்து மணிக்கு மேல் தொடங்கி விடிய விடியக் கிரீடமும் புஜக்கட்டையும் மாட்டிக்கொண்டு சுற்றி ஆடுகிற துரியோதனனுக்கு மூட்டு தேயும், குரல் உடையும். இதில் மாயம் பேச ஒன்றும் இல்லை. ஆனால் கூத்து அந்த வயசை எப்படி வைத்துக்கொள்கிறது என்று பாருங்கள். எங்க பக்கம் கூத்தில் பத்து வயசுப் பிள்ளைக்குக் கிருஷ்ணன் வேஷம் இருக்கிறது. மீசை முளைக்கிற வயசில் பெண் வேஷம். தோள் விரிந்தபிறகு கட்டை வேஷம். ஆட்டம் தளர்ந்தால் பின்பாட்டு, ஆர்மோனியம், கடைசியில் வாத்தியார். எந்த வயசுக்காரனையும் திண்ணைக்கு அனுப்பாத கலை. காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபால் இப்படிப் பத்து வயசில் மேடையேறியவர்தான். 2002-லிருந்து 2020 வரை அங்கே குருகுலம் நடந்தது, பெண்பிள்ளைகளும் கட்டை கட்டி ஆடினார்கள். கூத்தும் எங்க பக்கத்தில் ஊர், காலனி என்று பிரிந்தே கிடந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இல்லாவிட்டால் பழைய கிராமியப் பெருமை பாடுகிறான் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

ஆடுகிறவளுக்கு முப்பத்தஞ்சு என்று சொன்னவர்கள் பாலசரஸ்வதியை என்ன செய்வார்கள்? ஏழு வயசில், 1925-ல், எங்க காஞ்சிபுரத்தில் அம்மன் கோயிலில் அரங்கேறியவர். சத்யஜித் ராய் 1976-ல் அவரைப் பற்றிப் படம் எடுத்தபோது வயசு 58. அந்தப் படத்தில் அவர் ஆடுகிறார். அபிநயத்துக்கு மூட்டு மட்டும் போதாது என்று கண்ணிருக்கிறவனுக்குத் தெரியும். மெலிந்த, இளசான உடம்புதான் நாட்டியம் என்கிற ரசனை, தேவதாசிப் பெண்களிடமிருந்து ஆட்டத்தைப் பிடுங்கி சபாவுக்குக் கொண்டுபோனவர்களோடு சேர்ந்து வந்த ரசனை என்பது என் அபிப்பிராயம்.

பறைக்கு வருகிறேன். இங்கே வயசைப் பேசுவது இன்னும் சிக்கல். என் தாத்தா தலைமுறையில் மேளம் கற்றவன் சாகிற வரை அடித்தான். விருப்பம் கேட்டு அடிக்கவில்லை. ஊரில் சாவு விழுந்தால் காய்ச்சலிலும் போகணும். அடுத்த தலைமுறை இருபது வயசில் மேளத்தைத் தூக்கி எறிந்தது. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று ஊர் ஊராக நடந்த போராட்டம் அது, அதற்காக அடிபட்டார்கள். நல்ல கை வாய்த்த எத்தனையோ பேர் இருபதில் நிறுத்தினார்கள். இதை "கலைஞன் இளமையிலேயே வற்றிப்போனான்" என்று எழுதுவானா ஒருத்தன்? மறுத்தான். அந்த மறுப்புக்கு எந்தக் கோட்டிலும் இடம் இல்லை. அப்பால அதே பறை மேடைக்கு வந்தது, விடுதலை இசையாக. இன்றைக்குக் கல்லூரிப் பெண்கள் இடுப்பில் கட்டி அடிக்கிறார்கள். அறுபது வயசுக்காரர் அவர்களுக்கு ஆசான். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ. இதே பறைக்காக அடிவாங்கியவர்களுக்கு என்ன வயசில் என்ன விருது என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்டு வைக்கிறேன்.

கிழவிகளை விட்டுவிட்டேனே. ஒப்பாரியில் இருபது வயசுக்காரி தலைமை தாங்கி நான் பார்த்ததில்லை. முன்னால் உட்கார்ந்து எடுத்துக்கொடுப்பவள் அறுபது, எழுபது. எங்க ஆயா வயசுக்காரிகள். "சின்னதுங்களுக்கு இன்னா தெரியும், நாலு சாவு பாத்தாத்தான வாயில வரும்" என்பார்கள். இன்னார் மகள், இன்ன கழனியில் உழைத்தாள், இன்ன கடன்பட்டாள் என்று செத்தவள் வாழ்க்கையை அந்த இடத்திலேயே அடி அடியாகக் கட்டி வரவேண்டும். நடவுப் பாட்டும் அவர்கள் கையில்தான் இருந்தது. நடவு மிஷின் வந்து, வரிசையாக நின்று நடுகிற வேலை குறையக் குறைய அந்தப் பாட்டும் போகிறது. அவர்களுக்கு வயசாகிப் போகவில்லை. பாடுகிற இடம் போய்விட்டது. தமிழில் பெண் கவிஞர்கள் எந்த வயசில் உச்சம் தொடுகிறார்கள் என்று நாளைக்கு யாராவது ஆராய்ச்சி செய்தால் இந்தக் கிழவிகள் அதில் வரமாட்டார்கள், அச்சில் இல்லையே.

இளையராஜாவை ஒரு வார்த்தை. அவரை எந்த அடையாளத்துக்குள்ளும் இழுத்துப்போட நான் வரவில்லை. 1943-ல் பிறந்தவர். 'அன்னக்கிளி' 1976-ல். அதற்கு முன் அண்ணன் பாவலர் வரதராசனோடு கட்சி மேடைகளில் வருஷக்கணக்கில் ஆர்மோனியம் வாசித்த காலம் யார் கணக்கில் இருக்கிறது? 2025 மார்ச் 8-ல் லண்டனில் தன் முதல் சிம்பொனியை அரங்கேற்றியபோது வயசு 81. எந்தப் பருவத்து உச்சம் இது என்று டீக்கடை விமரிசகர்கள்தான் சொல்லவேண்டும்.

அரசாங்கத்துக்கும் இந்த வயசுப் பைத்தியம் உண்டு. மாவட்ட விருதுகளைப் பாருங்கள். 18 வயசு வரை கலை இளமணி. 35 வரை கலை வளர்மணி. 50 வரை கலைச் சுடர்மணி. 65 வரை கலை நன்மணி. அதற்கு மேல் கலை முதுமணி. கலைஞனுக்கு வயசு வாரியாக மணி கட்டிவிடுகிறார்கள். சாகித்திய அகாதெமி 2011-லிருந்து 35 வயசுக்குள் இருக்கிறவர்களுக்கு யுவ புரஸ்கார் தருகிறது. தரட்டும். ஆனால் வீட்டிலேயே முதல் ஆளாகப் பள்ளிக்கூடம் போய், முதல் புத்தகத்தைக் கடன் வாங்கிப் போடுகிறவனுக்கு 35 எப்போது வருகிறது?

இந்த வயசுக்குச் சான்று வேறு கேட்பார்கள். எங்க தெருவில் பாதிப்பேர் ஜூன் மாசத்தில் பிறந்தவர்கள். எப்படி? ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். வலது கையைத் தலைக்கு மேல் சுற்றி இடது காதைத் தொட்டுக் காட்டினால் ஐந்து வயசு என்று வாத்தியார் ஒரு தேதியைப் போட்டுவிடுவார். பள்ளிக்கூடமே போகாதவர்களுக்கு அந்தத் தேதியும் இல்லை. கவுன்ட்டருக்கு வருகிற முதியோர் பென்ஷன் பெரியவரிடம் "தாத்தா, என்ன வயசு?" என்று கேட்டால், "பெரிய புயல் அடிச்சுதே, அப்ப நான் மாடு மேச்சிக்கினு இருந்தன்" என்பார். எந்தப் புயல் என்று எனக்குத் தெரியாது. அவர் எங்க பக்கத்தில் பேர்போன கட்டியக்காரர். விருதுக்கு மனு போட்டால் வயசுச் சான்றில்லாமல் எந்த மணியில் சேர்ப்பார்கள் அவரை?

பேங்க் கிளார்க் பரீட்சைக்கு 28 வயசு வரம்பு. எஸ்.சி.க்கு ஐந்து வருஷம் தளர்வு. அதில் வந்தவன் நான், சொல்லிக்கொள்ள வெட்கம் ஒன்றும் இல்லை. அந்தத் தளர்வுக்கு அர்த்தம் என்ன? உன் கடிகாரத்தைத் தாமதமாக ஓடவிட்டவர்கள் நாங்கள் என்று அரசியல் சட்டம் ஒப்புக்கொள்கிறது. இலக்கியம் இன்னும் அதைக்கூட ஒப்புக்கொள்ளவில்லை. அதற்காக, எனக்குக் கவிதையில் ஐந்து வருஷம் தளர்வு கொடுங்கள் என்று நான் விமரிசகர் வீட்டு வாசலில் நிற்கப்போவதில்லை.

நம் பக்கத்துத் தப்பையும் பேசிவிடுவோம். நம் மேடைகளிலும் இந்த வாய்ப்பாடு ஓடுகிறது. பறையடிக்க, போஸ்டர் ஒட்ட, ஆவேசமாகக் கவிதை வாசிக்க இருபது வயசு வேண்டும். பொன்னாடை போர்த்த எழுபது வயசு வேண்டும். நடுவில் இருக்கிறவன் நிதி தரலாம். கல்லூரியில் நெருப்பாக எழுதிய எத்தனை பேர் முப்பதில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கேட்டால் "வயசாயிடுச்சு தோழர், இனிமே வராது" என்கிறார்கள். பொய். டிரான்ஸ்பர் வந்தது. வீட்டுக் கடன் வந்தது. தம்பி ஃபீஸ், அப்பா ஆஸ்பத்திரி. ஆபீசில் "கோட்டாவுல வந்தவன்" என்று முதுகுக்குப் பின்னால் பேசுகிற பேச்சை நாள் முழுக்கக் கேட்டுவிட்டு வந்து ராத்திரி பேனாவைத் தொட மனசு வருவதில்லை. எழுதியதைப் போட்டுக்கொண்டிருந்த இதழும் நின்றுபோனது. இத்தனையும் சேர்ந்து கழுத்தை நெரித்ததை வயசின் பேரில் எழுதிவிட்டுப் போனால், நெரித்தவன் தப்பித்துக்கொள்கிறான்.

அதனால் இந்த இதழ் நடத்துகிற தோழர்களுக்கு நேராகவே சொல்கிறேன். இளம் கவிஞர்கள் சிறப்பிதழ், மூத்த படைப்பாளிகள் சிறப்பிதழ் என்று பிரித்துப் போடுவதை நிறுத்துங்கள். எழுதுகிறவர் பேருக்குக் கீழே பிறந்த வருஷம் போடுகிற வழக்கத்தையும் விடுங்கள். போடத்தான் வேண்டும் என்றால், அவர் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனது யார், எந்த வருஷம் என்று போடுங்கள். முப்பதில் நிறுத்தியவர்கள் விலாசம் உங்களிடம் இருக்கும், பழைய சந்தாப் புத்தகத்தைத் தூசிதட்டி எடுங்கள். ஆளுக்கு ஒரு கார்டு போடுங்கள். அடுத்த இதழுக்கு என்ன எழுதுகிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.